பன்னிரண்டு வரிச் சோதனை

பேராசிரியர் வேதவல்லி ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் ஒருநாள் ஆய்வுக்கூடத்துக்கு வருவார். அவரிடம் படித்த மரியசூசைதான் இப்போது அங்கே தலைவர். வயது நாற்பத்தேழு. அன்று மேடத்தைப் பார்த்ததும் எழுந்தவர் திரும்ப உட்காரவே இல்லை.

"மேடம், ஒரு பிராசசரை எடை போட சோதனை எத்தனை வரி இருக்கணும்?"

"ஏன் கேக்கறே?"

மரியசூசை ஒரு தாளை நீட்டினார். எட்டு வருடத்துக்கு முன் அவர் எழுதிய புரோகிராம். பன்னிரண்டே வரிகள்.

அப்போது கூடத்தில் இரண்டு கணினி பிராசசர்கள் தயாராக இருந்தன. ஒன்றைத்தான் தொழிற்சாலைக்கு அனுப்ப முடியும். ஒன்றைப் பெரிய குழு ஒன்று செய்திருந்தது. மற்றதைக் கமலக்கண்ணன் என்பவர் ஏறக்குறையத் தனி ஆளாக ஆறு வருடம் உட்கார்ந்து செய்திருந்தார். இந்தப் பன்னிரண்டு வரிகளை இரண்டிலும் ஓட்டினார்கள். எழுதியதைப் பிராசசருக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் இரண்டுக்கும் தனித்தனி. பல கோடி முறை பெருக்கிக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. கமலக்கண்ணனுடையது ஒன்பது நொடி எடுத்தது. மற்றது ஒரு நொடிகூட எடுக்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. மெதுவாக ஓடியதை மட்டும் ஆளாளுக்குக் குடைந்தார்கள்.

"நேத்து கிளாஸ்ல காட்டலாம்னு எடுத்தேன் மேடம். கூட்டச் சொல்லியிருக்கேன். கூட்டின தொகையை எங்கேயும் பிரிண்ட் பண்ணச் சொல்லல."

வேதவல்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். மரியசூசை தொடர்ந்தார்.

"தொகை யாருக்கும் வேண்டாம்னு அந்தப் பெரிய குழுவோட கம்பைலர் கண்டுபிடிச்சிருக்கு. கணக்கையே மொத்தமா தூக்கிட்டு, மிச்சத்தைப் பிராசசருக்குக் கொடுத்திருக்கு. அது ஒண்ணுமே செய்யல மேடம். கமலக்கண்ணனோட கம்பைலர் சாது. எழுதினதை அப்படியே கொடுத்திருக்கு. அவரோடதுதான் அத்தனையையும் பெருக்கியிருக்கு."

"பிரிண்ட் சேர்த்து ஓட்டிப் பாத்தியா?"

"பாத்தேன். அவரோடது அதே ஒன்பது. நாம அனுப்பினது பதினாலு."

கமலக்கண்ணன் அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார். விருதுநகரில் ஏதோ டுடோரியலில் கணக்கு எடுப்பதாகக் கேள்வி. அதன் பிறகு அவர் ஒரு பிராசசரையும் தொட்டதில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து போன் போனால் எடுப்பதும் இல்லை.

"நேர்ல போய்ச் சொல்லலாம்னு இருக்கேன்" என்றார் மரியசூசை. "என்ன சொல்றதுன்னுதான் தெரியல. சோதனை சின்னதாப் போச்சுன்னு சொல்லட்டுமா? இன்னும் நூறு வரி எழுதியிருந்தா மாட்டியிருக்குமில்ல?"

வேதவல்லி தாளை மடித்தார். மறுபடி பிரித்தார். அவர் முகம் சரியில்லை.

"முடிவு சொன்ன அன்னிக்குச் சாயங்காலம் கமலக்கண்ணன் என் அறைக்கு வந்தான். அவன் தமிழ் ஞாபகம் இருக்கா உனக்கு?"

இருந்தது. கணக்குப் போட்டு வரும் தொகையை ரிசல்ட், எழுதுவதைப் புரோகிராம் என்று எல்லோரும் பேசும் இடத்தில் அவர் ஒருவர்தான் விடை, நிரல் என்பார். அதற்காக அவரைக் கிண்டல் செய்தவர்களில் மரியசூசையும் உண்டு.

"கதவுகிட்டயே நின்னான். கையில துண்டுத்தாளும் பேனாவும் வச்சிருந்தான். குறிச்சுக்க வந்திருக்கான்னு அப்போ எனக்குத் தோணல. 'விடை கொடுங்கள் அம்மா'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க மேடம்?"

"'சரி, போயிட்டு வா'ன்னு சொல்லிட்டேன் சூசை."