முடியாத லூப்

கல்லூரியில் சேரும்வரை முப்பிடாதி கணினியைத் தொட்டதே இல்லை. முதல் நாள் லேபில் அவள் எழுதிய புரோகிராமுக்குத் திரை முழுக்கப் பிழைகள். பேராசிரியர் சிகாமணிக்கு அது போதுமாக இருந்தது.

"தமிழ் மீடியமா? புரோகிராம் எழுதக் கத்துக்கிட்டு வா. அதுவரைக்கும் லேப் வாசல்லயே நில்லு!"

"லேபுக்குள்ள வராம எப்படி சார் கத்துக்கிடுறது?"

"அது உன் பாடு."

அந்த வாரம் முழுக்க அவள் வாசலிலேயே நின்றாள். இப்படியே போனால் லேப் தேர்வு எழுத விடமாட்டார்கள். அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

அடுத்த வாரம் வகுப்பில் சிகாமணி லூப் நடத்தினார். சொன்ன வேலையையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லிக் கணினிக்குக் கட்டளையிடும் பாடம் அது. "யாராவது ஒரு லூப் எழுதுங்க. என்ன தப்புன்னு பார்த்ததும் சொல்றேன்" என்று சவால் விட்டார்.

முப்பிடாதி எழுந்துபோய்ப் பலகையில் எழுதினாள்: 'அ = 0. அ பூஜ்யமாக இருக்கும்வரை நில்.'

சிகாமணி சிரித்தார். "சும்மா நின்னுக்கிட்டே இருந்தா 'அ' எப்படி மாறும்? இது முடியவே முடியாது. எந்த முட்டாள் இப்படி எழுதுவான்?"

"'அ'ன்னா என் அறிவு சார். நிக்கிற இடம் லேப் வாசல். எழுதினது நீங்க."

வகுப்பே வெடித்துச் சிரித்தது. சிகாமணிக்கு முகம் சுண்டிப்போனது.

"சரி, சரி. மத்தியானம் லேபுக்கு வா. அதை அழிச்சிட்டுப் போய் உட்காரு."

முப்பிடாதி டஸ்டரை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"எழுதினவங்கதான் சார் அழிக்கணும்."