கட்டி கரைஞ்சப்புறமும் ஊசிக்குப் போன வடிவு

ஒரு ஊர்ல ஒரு ஆட்டோக்காரி இருந்தா. பேரு வடிவு. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல வண்டி ஓட்டுவா. ம் கொட்டுடி, இல்லாட்டி உனக்கு முன்னாடி நான் தூங்கிருவேன்.

"ம். அது நீதானம்மா."

நான்தான். கண்ண மூடிட்டுக் கேளு.

ஒரு நாள் வடிவு கழுத்துல நெல்லிக்கா அளவுக்கு ஒரு கட்டி. வலியே இல்லன்னு விட்டுட்டா. அப்புறம் அது எலுமிச்சங்கா அளவாச்சு. அப்போதான் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனா. கட்டியில ஒரு துண்டு எடுத்துப் பாத்துட்டு, கேன்சர்னு சொல்லிட்டாங்க.

"ம்."

நம்ம ஒடம்புல கண்ணுக்குத் தெரியாத செல்லு கோடிக்கணக்குல இருக்கு. ஒண்ணு ரெண்டாகும், தேவைக்கு ஆனதும் நின்னுரும். வடிவுக்கு நிக்காம மடமடன்னு பெருகிருச்சு. அப்போ ஜெசிந்தான்னு ஒரு நர்ஸக்கா வந்தா. "மூணு மருந்து ஏத்தணும்மா"ன்னா.

"ஒண்ணு போதாதாக்கா?"

"செல்லு ரெண்டாகறதுக்கு முன்னாடி, உள்ள இருக்கறத ஒரு நகல் எடுக்கும். முதல் மருந்து அந்த நேரத்துல பிடிக்கும். தப்பிச்சது ரெண்டாப் பிரியும்போது அடுத்தது பிடிக்கும். மூணாவது எப்ப வேணும்னாலும் அடிக்கும்."

அப்புறம் சொட்டு, சொட்டு, சொட்டுன்னு ஏறுச்சு. ஒரு மருந்தால வாயெல்லாம் புண்ணு, ரசஞ்சாதம் பட்டாலே சுள்ளுங்கும். ஒண்ணால விரலு மரத்துப்போச்சு, சாவியப் பிடிச்சா பிடிச்ச மாதிரியே இல்ல.

"பட்டன்கூட நான்தான் போட்டுவிட்டேன்."

ஆமாடி. இன்னொண்ணால குபுகுபுன்னு வாந்தி. முடி கொத்துக்கொத்தா வந்துச்சு. முடியும் வேகமாப் பெருகுறதாச்சே, மருந்துக்கு நல்லது கெட்டது தெரியல. இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவ இதே பாடு. மூணு தடவ முடிஞ்சப்போ கட்டியே இல்ல. அப்போ வடிவு நாலாவதுக்குப் போகல. போன் அடிச்சுது. ஜெசிந்தா.

"ஏம்மா வரல?"

"அதான் கரைஞ்சிருச்சேக்கா. இனிமே முடியல."

"கரைஞ்சது கட்டி. சில செல்லு பெருகாம அப்படியே தூங்கும். அதுமேல மருந்து சரியா ஏறாது. முழிச்சுப் பெருக வரும்போது நாம இருக்கணும். அதுக்குத்தான் திரும்பத் திரும்பக் கூப்புடுறோம்."

வடிவு போன வச்சுட்டு அழுதா. மறுநாள் பஸ் ஏறிட்டா. தைரியமெல்லாம் இல்ல கண்ணு. திரும்ப வந்துச்சுன்னா முதல்லேருந்து எல்லாத்தையும் படணுமேன்னு ஒரு அலுப்பு, அவ்ளோதான்.

"ம்..."

எட்டு தடவ ஆச்சு. போன வியாழக்கிழமை ஸ்கேன் பாத்து, ஒண்ணும் தெரியல, மூணு மாசம் கழிச்சு வான்னாங்க.

"சந்தோஷமா இருந்துச்சாம்மா?"

களைப்பா இருந்துச்சு. வாசப்படியில உக்காந்தவ ஒரு மணி நேரம் எந்திரிக்கல.

"தூங்குற செல்லு இன்னும் இருக்குமா?"

இருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். டாக்டருங்களுக்கே தெரியாது.

எதுக்குடி என் கழுத்துல கை வைக்கிற? அந்தப் பக்கம் இல்ல, இங்க. ம். ஒண்ணும் இல்லல்ல? சரி, கை அப்படியே இருக்கட்டும். சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன், இதுக்குமேல கதைக்கும் தெம்பில்ல, எனக்கும் தெம்பில்ல. வெயில் தாழ எழுப்புறேன். தூங்கு.