குகைக்கு அடியில் ஒரு வளை

மூங்கில் காட்டில் குப்பாயி என்று ஒரு பெருச்சாளி இருந்தாள். மண்ணைத் தோண்டுவதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. அதனாலேயே காட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அவளைத்தான் சந்தேகப்படுவார்கள். பாவம், அவளுக்கும் அது பழகிவிட்டது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். கோடைக்கு முன்னால் எல்லோரும் இலுப்பைப் பூவும் கிழங்கும் மூங்கில் அரிசியும் கொண்டுவந்து, தலைவர் கருத்தான் கரடியின் குகையில் சேர்ப்பார்கள். பஞ்சம் வந்தால் அவர் பங்கிட்டுக் கொடுப்பார்.

குகைக்குக் காவல் பலம்தான். ஆனால் கரடியார் ஆயுள் முழுக்க அண்ணாந்து தேன்கூட்டைப் பார்த்தே வளர்ந்தவர். திருட்டும் மேலே இருந்துதான் வரும் என்று நம்பினார். உச்சியில் ஒரு மந்தியை உட்கார வைத்தார். வாசலில் முள்ளை அடுக்கினார். குனிந்து தரையைப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. கொஞ்ச நாளிலேயே கருத்தான் கையை விரித்துவிட்டார். குகை காலி, இனி அவரவர் பாடு அவரவருக்கு என்றார். எல்லோரும் நம்பினார்கள். குப்பாயிக்குப் பக்கத்துப் புதரில் இருந்த முயலம்மாவுக்குப் பால் வற்றிப்போனது. குட்டிகளுக்கு எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை.

குப்பாயி மட்டும் நம்பவில்லை. குகைப் பக்கம் மண்ணில் மூக்கை வைத்தால் இலுப்பைப் பூ மணந்தது. காலிக் குகை எப்படி மணக்கும்? ஒரு நடுப்பகலில், கரடியார் தூங்கும் நேரம் பார்த்து, அடியில் வளை போட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். கிழங்கும் பூவும் கூரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார் தலைவர்!

அவளுக்கும் பசிதான். ஒரு பூவைக்கூட வாயில் போடவில்லை. முடிந்த மட்டும் கிழங்குகளை இழுத்துப் போய், எல்லோரும் தண்ணீர் குடிக்கும் சுனையோரம் குவித்தாள்.

"இது நம்ம கிழங்கு. குகைக்குள்ள இன்னும் கிடக்கு. போய்க் கேளுங்க" என்றாள்.

காடே திரண்டு போய்க் கேட்டது. கருத்தான் தலைகுனிந்து குகையைத் திறந்தார். முதல் பங்கு முயலம்மாவுக்குக் கிடைத்தது. குப்பாயிக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த மகிழ்ச்சியில் வளையை மூட மறந்துவிட்டாள்.

பக்கத்து மலைக் காட்டுப்பன்றிகளுக்கு அது போதாதா? அவற்றுக்கு நியாயமாவது, முயலாவது! வளையை மூஞ்சியால் முட்டிப் பெயர்த்து, மிச்சமிருந்ததில் பாதியைத் தின்றுவிட்டுப் போயின. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

கரடி பதுக்கியதைக் காடு அப்போதே மறந்துவிட்டது. எல்லாம் இந்தப் பெருச்சாளியால் வந்த வினை, அடித்துக் கொல்லுங்கள் என்று கூச்சலிட்டது. அவள் கொடுத்த கிழங்கைத் தின்ற வாய்களும் அதில் சேர்ந்துகொண்டன. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கருத்தான் கையை ஓங்கினார். குப்பாயி சொன்னாள்:

"வளைய மூடாம விட்டது என் தப்புதாங்கய்யா. ஆனா குகைக்கு அடியில மண்ணு முழுக்க இளகிக் கிடக்கு. நான் செத்துட்டா அத உங்களுக்கு யாரு சொல்லுவா? பன்றி வந்து சொல்லுமா?"

ஓங்கிய கை நின்றது. கரடியார் வாழ்நாளில் முதல்முறையாகக் குனிந்து தரையை அழுத்திப் பார்த்தார். கை முழங்கை வரை உள்ளே போனது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மழை வரவே வராதோன்னு பயந்துட்டேன் தாயி. அதான் ஒளிச்சேன்."

குப்பாயிக்கு மனசு இளகியது. "பயம் எல்லாருக்குந்தான் இருக்கு. சொல்லியிருந்தா சேர்ந்து பயந்திருப்போம்" என்றாள்.

எல்லோருமாகத் தரையில் கல் பாவினார்கள். பிறகு கரடியார் ஒரு வேலை கொடுத்தார். மாதம் தவறாமல் குப்பாயியே திருடன்போலக் குகையை உடைத்துப் பார்க்க வேண்டும், எங்கே உடைகிறது என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

"ஓட்டையப் பார்த்தா உங்ககிட்ட சொல்றேன். பதுக்கலைப் பார்த்தா காட்டுக்கே சொல்லுவேன். சம்மதமா?"

கரடியாருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் முயல் குட்டிகள் எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தன. தலையாட்டினார்.

இன்று கம்ப்யூட்டர்களுக்குக் காவல் போடுகிறவர்களும், பூட்டிய கம்ப்யூட்டருக்குள் புகத் தெரிந்ததால் ஒரு காலத்தில் திருடர் என்று விரட்டிய குப்பாயிகளைத்தான் கூப்பிட்டு உடைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

ஓட்டையைக் காட்டியவரைத் தண்டித்தால் ஓட்டை அடைபடாது. அடுத்து வருகிறவர் அதைக் காட்ட மாட்டார், உள்ளதைக் கொண்டுபோய்விடுவார்.