வாடகைப் பெரியப்பாவின் மௌனம்

நாடக ஆசிரியை பிலோமினாவிடம் நடிப்பும் இயக்கமும் கற்றவர் நமச்சிவாயம். குருவைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் "அக்கா" என்றுதான் அழைப்பார்.

பிலோமினா எழுதிய 'வாடகைப் பெரியப்பா' மேடை ஏறாத ஊர் குறைவு. சொந்தபந்தம் இல்லாத ஒருவன், பெண் பார்க்கப் போகும்போது யாரோ ஒருவரைப் பெரியப்பா என்று வாடகைக்கு அழைத்துப் போகிறான். "உங்க தம்பி பேர் என்ன?" என்று பெண்ணின் அப்பா கேட்பார். வாடகைப் பெரியப்பாவுக்குத் தெரியாது. அவர் விழிக்கும் அந்த இடத்தில் அரங்கம் அதிரும்.

அதைத் தொலைக்காட்சிக்கு எடுக்கும் பொறுப்பு நமச்சிவாயத்துக்குக் கிடைத்தது. ஒரு காட்சிகூட வெட்டுப்படாது என்று குருவிடம் வாக்குக் கொடுத்தார். மேடையில் பெரியப்பாவாக நடித்த தஸ்தகீரையே இதிலும் நடிக்க வைத்தார்.

படப்பிடிப்பில் அந்த இடம் வந்தது. பெண்ணின் அப்பா கேட்டார். தஸ்தகீர் கண்ணை உருட்டினார். கூரையைப் பார்த்தார். நின்றார். தளத்தில் ஒரு சத்தமும் இல்லை. நின்றுகொண்டே இருந்தார்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் காட்சி செத்துக் கிடந்தது.

சானல் பொறுப்பாளர் கிரிதரன் மானிட்டரிலிருந்து தலையைத் திருப்பினார்.

"இது எடுபடாது சார். வேற ரைட்டரை வெச்சுப் புதுசா எழுதிக்கலாம். நாடகத்தோட பேரை மட்டும் வெச்சுக்குவோம்."

நமச்சிவாயம் வெளியே போய் குருவுக்கு போன் செய்தார். மதியச் சாப்பாடு முடிவதற்குள் பிலோமினா தளத்தில் இருந்தார்.

"அக்கா, மேடையில தஸ்தகீர் நிக்கிற நேரத்தை ஜனங்க சிரிச்சு நிரப்பினாங்க. இங்க ஜனங்க இல்ல. அந்த நேரத்தை நான் எதை வெச்சு நிரப்பறது?"

பிலோமினா யாரோ கொடுத்த காபியை வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"நமச்சி, போன மாசம் என் மாமனார் அடக்கத்துக்கு வந்தீங்கல்ல?"

"வந்தேனே அக்கா. மாலை போட்டேனே."

"கல்லறை வரைக்கும் வந்து அழுதீங்க."

"தங்கமான மனுஷன் அக்கா."

"அவர் பேர் என்ன?"

நமச்சிவாயம் வாயைத் திறந்தார். மூடினார். பெயர் அங்கே இருப்பதுபோல் அவர் கை சட்டைப் பையைத் தடவியது. "அவர்..." என்றார். "எல்லாரும் பெரியவர்னுதானே..." என்றார். காது சிவந்தது.

கேமராமேன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். விளக்குக்காரர்கள் பக்கம் கிளம்பிய சிரிப்பு தளம் முழுக்கப் பரவியது. கிரிதரனும் சிரித்தார். நமச்சிவாயம் மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

பிலோமினா தஸ்தகீர் பக்கம் திரும்பினார்.

"இவர் எதுக்குக் காத்திருக்கார்?"

"பேருக்கு அக்கா."

"இத்தனை பேர் சிரிக்கிறாங்களே?"

"அது இவர் காதுல ஏறினதாவே தெரியல." தஸ்தகீர் சற்று யோசித்தார். "ஆரம்பத்துல நானும் இப்படித்தான் நின்னேன். அப்புறம், சிரிப்பு வரும்னு தெரிஞ்சுபோச்சு."

"போய் நில்லுங்க."

விளக்குகள் எரிந்தன. பெண்ணின் அப்பா கேட்டார். தஸ்தகீர் இந்த முறை கூரையைப் பார்க்கவில்லை. ஏதாவது கிடைக்குமா என்று மாப்பிள்ளைப் பையனின் முகத்தைப் பார்த்தார். அவன் குனிந்துகொண்டான். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அதிலும் ஒன்றும் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. யாரும் சொல்லாமலே கேமரா மெல்ல அவரை நெருங்கியது. சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு மூன்று பேர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நமச்சிவாயம் "கட்" சொன்னதும் தளம் வெடித்தது.

பிலோமினா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெற்ற பிள்ளை புது ஊர்ப் பள்ளியிலும் முதல் மார்க் வாங்கியதைக் கேட்டவர்போல் இருந்தது அவர் முகம். தஸ்தகீர் வந்து எதிரே நின்றபோது அவர் தோளில் ஒருமுறை தட்டினார். வேறு பாராட்டு இல்லை. அதுவே தஸ்தகீருக்குப் போதுமானதாக இருந்தது.

கிரிதரன் பக்கத்தில் வந்தார். "ஒரு வரியும் மாத்த வேண்டாம் மேடம். அந்த இடத்துல மட்டும் லேசா ஒரு சிரிப்புச் சத்தம் சேர்த்துக்கலாமா?"

"வேண்டாம் சார்" என்றார் நமச்சிவாயம், குரு வாய் திறப்பதற்கு முன்பே. கிரிதரன் தலையாட்டிவிட்டுப் போனார்.

வழியனுப்ப வாசல் வரை வந்தார் நமச்சிவாயம்.

"ஒரு குறைதான் அக்கா. மேடையில அந்தச் சிரிப்பு அலை மாதிரி வந்து நம்ம மேல மோதும். இனிமே எங்கேயோ ஒரு வீட்டுல சோத்துத் தட்டோட உக்காந்து சிரிப்பாங்க. நம்ம காதுக்கு எட்டாதே."

பிலோமினா கார் கதவைத் திறந்தார்.

"மேடையில மட்டும் ஜனங்க நம்ம காதுல விழணும்னுதானா சிரிச்சாங்க?" என்றார்.