வெயிலுமுத்துவின் இலை

மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. பெயர்ப்பலகையில் நீளமாக ஏதோ எழுதியிருக்கும். ஊரார் கதைமடம் என்றுதான் சொல்வார்கள். அங்கே உபதேசம் கிடையாது, தியானம் கிடையாது. ஒரே ஒரு பழைய நாவல் உண்டு. எழுதியவர் பெயர் அட்டையோடு போய் எவ்வளவோ காலமாகிறது. தினமும் முற்பகலில் அதில் ஓர் அத்தியாயத்தை உரக்க வாசிப்பார்கள். புத்தகம் முடிந்தால் மறுபடி முதல் பக்கம்.

மடத்தின் தலைவியை எல்லோரும் அம்மை என்பார்கள். வயது ஐம்பதுக்குள்தான். மூத்த சீடர் சிதம்பரதாணு, கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். அம்மையைவிடப் பதினைந்து வயது பெரியவர். அம்மை அவரை வாத்தியாரய்யா என்று கூப்பிடுவார். புதிதாக வருகிறவர்கள் இவரைத்தான் குரு என்று நினைத்துக் காலில் விழுவார்கள். அவர் பதறிப்போய் விலகுவார். அதைப் பார்ப்பதில் அம்மைக்கு ஒரு தனி சந்தோஷம்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாசிப்பு முடிந்து மதியப் பந்தி உட்காரும்போது, அன்றைய அத்தியாயத்து ஆளுக்கும் ஓர் இலை போடுவார்கள். பரிமாறிவிட்டு வாசலுக்குப் போய், பசியோடு யார் நின்றாலும் கூட்டிவந்து அந்த இலையில் உட்காரவைப்பார்கள். நாவலின் ராணிக்குப் போட்ட இலையில் ஒருநாள் லாரி டிரைவர் ஒருவர் சாப்பிட்டார். பெயர் கேட்டதற்கு, இன்னைக்கு ராணின்னே வச்சுக்கோங்க என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

அன்று வெயிலுமுத்துவின் கடைசி அத்தியாயம்.

வெயிலுமுத்து அந்த நாவலில் குளத்து மடையைக் காக்கிறவன். இளைப்பு நோய்க்காரன். யாராவது குரலை உயர்த்தினாலே கை நடுங்கும். ஜமீன்தார் கீழூருக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று உத்தரவு போட்ட வருஷம், பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்க அவன் போய் மடையைத் திறந்துவிட்டான். கீழூர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. ஜமீன் ஆட்கள் அவனைக் கொண்டுபோய் அடைத்து வைத்தார்கள். வெளியே வரும்போது, மடையைத் திறக்கச் சொன்னது இருளப்பன் என்று சொல்லிவிட்டு வந்தான். இருளப்பன் அவனுடைய ஒரே சிநேகிதன், எதுவும் அறியாதவன். அவன் வீட்டைக் கொளுத்தினார்கள். அதன் பிறகு வெயிலுமுத்து அதே கீழூரில் வீடு வீடாகப் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்டான். ஒருவரும் கொடுக்கவில்லை. தெருக்கோடியில் விழுந்து செத்தான்.

சிதம்பரதாணு அதை வாசித்து முடித்தார். புத்தகத்தை மூடிவிட்டு, இன்றைக்கு அந்த இலை வேண்டாம் என்று சமையற்கட்டுக்குச் சொல்லி அனுப்பினார்.

அம்மை காதில் அது விழுந்தது.

“ஏன், வாழையிலை தட்டுப்பாடா?”

“காட்டிக்கொடுத்தவனுக்கு எதுக்கு அம்மை இலை? நான் காலேஜ்லயும் இப்படித்தான் நடத்தினேன். மடையைத் திறந்தது ஒரு வேகத்துல வந்த வீரம். அவன் சுபாவம் பலவீனம். வீழ்ச்சியிலதான் நிஜமான ஆளு தெரியுதான்.”

“பிள்ளைகள் அதை எழுதினா மார்க் போடுவீங்களோ?”

“முழு மார்க்.”

அம்மை சிரித்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்தார். “இலை வேண்டாங்கிறது வெயிலுமுத்துவுக்கா, கேட்டுக்கு வெளிய நிக்கிறவளுக்கா?”

சிதம்பரதாணு வாசல் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே நின்றவள் வடிவு. மடத்தில் சமையல் செய்துகொண்டிருந்தவள். பாத்திரம் கீழே விழுந்தாலே திடுக்கிடுகிற சுபாவம். பக்கத்துச் செங்கல் சூளையில் முதலாளியின் ஆட்கள் பேச்சிமுத்து என்ற தொழிலாளியின் கையை அடித்து முறித்ததை அவள் கண்ணால் பார்த்தாள். விசாரணைக்கு அதிகாரி வந்தபோது சூளைக்காரர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள, இவள் ஒருத்தி முன்னால் வந்து, அடித்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லும்போது பல் தந்தியடித்தது. ஆனாலும் சொன்னாள். ஊரே பேசியது. சிதம்பரதாணு மடத்தில் அவளுக்குச் சால்வை போர்த்தி, வெயிலுமுத்து மடையைத் திறந்த அத்தியாயத்தை அவளுக்காகவே ஒரு தடவை வாசித்தார்.

பிறகு வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. கூண்டில் ஏறிய வடிவு, தான் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னாள். வழக்கு தள்ளுபடியானது. பேச்சிமுத்துவின் கை வளைந்தது வளைந்ததுதான். அவனால் இனி செங்கல் அறுக்க முடியாது.

அதற்குப் பிறகு வடிவுக்கு வேலை கொடுக்க யாரும் இல்லை. அன்று காலையிலிருந்து கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். உள்ளே விடுவதா வேண்டாமா என்பது மடத்து நிர்வாகம் பார்க்கும் சிதம்பரதாணுவின் பொறுப்பு. அவர் வேண்டாம் என்று முடிவுகட்டி வைத்திருந்தார். அவளை மகளாக நினைத்தவர் அவர். அதனால்தான் அவ்வளவு கோபம்.

அம்மை புத்தகத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். பிறகு, காது சரியாகக் கேட்கவில்லை, அத்தியாயத்தை இன்னொரு தடவை வாசிக்க வேண்டும் என்றார்.

“வாசிக்கேன்.”

“இங்க இல்ல. கேட்டுப் பக்கத்துல நின்னு வாசிங்க.”

“அங்க நின்னு வாசிச்சா உங்களுக்கு எப்படிக் கேக்கும்?”

“எனக்குக் கேக்கும். நீங்க போங்க.”

அவர் போனார். கேட்டுக்கு உள்ளே அவர், வெளியே வடிவு. அவளைப் பார்க்காமல் புத்தகத்தைப் பிரித்தார். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

அவர் மணிக்குரலில்தான் ஆரம்பித்தார். அவனைப் பிடித்துக்கொண்டு போனது, அடைத்து வைத்தது எல்லாம் வந்தது. அதில் ஒரு வரி. அடைபட்டுக் கிடந்த நாட்களில் அவனைப் பார்க்கக் கீழூரிலிருந்து ஒருவரும் போகவில்லை என்ற வரி. எத்தனையோ வருஷம் வகுப்பில் நடத்திய பாடம், அந்த வரிக்கு மட்டும் அவர் ஒருநாளும் குறிப்பு சொன்னதில்லை. அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனார். திரும்பி வந்து மறுபடி அதையே வாசித்தார்.

வெயிலுமுத்து தண்ணீர் கேட்டு நடக்கும் இடம் வந்தபோது அவருக்கும் தொண்டை வறண்டது. வாசித்துக்கொண்டே, பார்க்காமல், வலது கையை ஓரமாக நீட்டினார். அது பழக்கம். வாசிப்பின் நடுவில் அவர் அப்படிக் கை நீட்டினால் வடிவு செம்பைக் கொண்டுவந்து அந்தக் கையில் வைப்பாள். ஒருநாளும் தவறியதில்லை.

கேட்டுக்கு வெளியே அவள் ஓரடி எடுத்து வைத்தாள். தண்ணீர்ப்பானை உள்ளே, கேட்டை ஒட்டித்தான் இருந்தது. கம்பியில் கை பட்டதும் பின்வாங்கிவிட்டாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மிச்சத்தை அவரால் வாசிக்க முடியவில்லை.

உள்ளே வந்து அம்மைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“சால்வை போட்ட நாளுக்கும் கோர்ட்டுக்குப் போன நாளுக்கும் நடுவுல நான் அவ வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல, அம்மை.”

“கோர்ட்டுக்கு முந்தி, அவ மகளைப் பள்ளிக்கூட வாசல்ல வச்சு சூளை முதலாளி ஆளு எவனோ பேர் சொல்லிக் கூப்பிட்டானாம். அடிக்கல, வையல. பேரை மட்டும் சொல்லிட்டுச் சிரிச்சானாம். இவ அன்னைக்கு ராத்திரியெல்லாம் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கிட்டு உக்காந்திருந்தாளாம்.”

“உங்ககிட்ட எப்ப சொன்னா?”

“கோர்ட்டுக்கு அப்புறம். அதுக்கு முன்னால நானும் போய்க் கேக்கல.”

சமையற்கட்டிலிருந்து சாம்பார் வாசம் வந்தது. சிதம்பரதாணு கேட்டார்:

“அப்ப அந்த வீரம் பொய்யில்லையா?”

“பயமே இல்லாதவன் மடையைத் திறந்தா அதுல என்ன இருக்கு? இவன் நடுங்கிக்கிட்டே திறந்தான். திறந்து முடிச்ச உடனே பயம் வேற ஊருக்குப் போயிருமா? அவன்கிட்டதான் இருந்துச்சு. கூட நிக்க ஆளு இருந்தப்ப அதைத் தூக்கிக்கிட்டு நடந்தான். ஆளு இல்லாதப்ப அது அவனைத் தூக்கிட்டுப் போயிட்டு.”

“ஆனா இருளப்பன் வீடு எரிஞ்சுதே. பேச்சிமுத்து கை போச்சே. அவளை உள்ள விட்டா நான் அவனுக்கு என்ன பதில் சொல்ல? மன்னிச்சிட்டேன்னா?”

அம்மையின் முகம் முதல் தடவையாக இறுகியது.

“அதை நீங்க எப்படிச் சொல்ல முடியும்? மன்னிக்கிறதும் மன்னிக்காததும் பேச்சிமுத்து பாடு. அதுல நீங்களும் நானும் கை வைக்கக் கூடாது. சோறு போடுதது நம்ம பாடு.”

சிதம்பரதாணு எழுந்தார். தானே சமையற்கட்டுக்குப் போய் ஓர் இலை எடுத்துவந்தார். நல்ல தலைவாழை இலையாகப் பார்த்து எடுத்திருந்தார். பந்தியின் நடுவில் அதை விரித்து, தண்ணீர் தெளித்துத் துடைத்தார். சோறு வைத்தார், அவியல் வைத்தார், அப்பளம் வைத்தார். பிறகு வாசலுக்குப் போனார்.

வெகுநேரம் அவர் வரவில்லை. சாதத்தின் ஆவி அடங்கிவிட்டது. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அம்மையும் காத்திருந்தார்.

சிதம்பரதாணு தனியாகத் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. கேட்டைத் திறந்துவிட்டேன், அவள்தான் வர மாட்டேன் என்கிறாள் என்றார்.

“என்ன சொல்லுதா?”

“எனக்கு அந்த இலை வேண்டாம் அய்யான்னு சொல்லுதா. நான் செஞ்சது தப்புதான், அதுக்கு மேல எதுவும் சொல்ல எனக்கு வாயில்லைங்கா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் அம்மை. தப்பு, தப்பு, தப்பு. அதையேதான் சொல்லுதா.”

“தப்புதான். இல்லைன்னு இங்க யாரு சொன்னா?”

அம்மை இலையில் ஆறிப்போன சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு, புதுச் சோறு எடுத்துவரச் சொன்னார். பிறகு அவரைப் பார்த்துக் கேட்டார்:

“பசிக்கலைன்னு சொன்னாளா, வாத்தியாரய்யா?”