அம்மாவுக்கும் திறக்காத கதவு

மேகம் தெருவில் நடந்து போகிற மலையூர் ஒன்று இருக்கிறது. மேகம் இறங்கினால் அங்கே போன்களும் ஊமையாகிவிடும். எதிரே வருகிறவர் தெரிந்தவரா இல்லையா என்பது கை தொடும் தூரத்தில்தான் தெரியும். அந்த ஊரில் சுகந்தி என்று ஒருத்தி இருந்தாள். தேயிலைக் கம்பெனி ஆபீசில் வேலை. கணவன் கப்பலில். ஒன்றரை வயதில் கவின் என்று ஒரு பிள்ளை. சுகந்தியின் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். அதன் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டால்தான் கவினுக்குத் தூக்கம் வரும்.

வேலைக்குப் போகும்போது பிள்ளையை எங்கே விடுவது? முதலில் பஜாரில் மளிகைக் கடை மாடியில் பிள்ளை பார்த்துக்கொள்கிற ஓர் அறைக்குப் போனாள். அங்கிருந்த பெண் அவளைச் சரியாக நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சீக்கிரம் வந்துட்டீங்களே" என்று, தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தையை அள்ளி அவள் தோளில் போட்டாள். யாரோ பெற்ற பிள்ளை. அதன் இளஞ்சூடு தோளில் பரவ, சுகந்தி அப்படியே நின்றாள். படியிறங்கி மேகத்துக்குள் நடந்திருந்தால் ஒருவரும் ஏனென்று கேட்டிருக்க மாட்டார்கள்.

குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள், அதன்பிறகு லைசென்ஸ் உள்ள காப்பகமாகத் தேடினாள். ஊரில் ஒன்றே ஒன்றுதான். கன்னியாஸ்திரிகள் நடத்துவது. மாதக் கட்டணம் அவள் சம்பளத்தில் பாதி. பொறுப்பாளர் சிஸ்டர் பெர்னதெத் சொன்னார்:

"நீங்க யார் பேரைச் சொல்றீங்களோ, அவங்க கையில மட்டும்தான் பிள்ளையைக் கொடுப்போம். ஜனாதிபதியே வந்தாலும் கதவுக்கு வெளியதான். உங்களைத் தவிர வேற யாராச்சும் உண்டா?"

"வேண்டாம் சிஸ்டர். நான் மட்டும் போதும்."

கூடவே வசிக்கும் தங்கை மாலினியின் பெயரைக்கூட அவள் சொல்லவில்லை. அவ்வளவு பயம். பின்னலை முன்னால் விட்டபடி அவளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார்கள். பாதிச் சம்பளம் போனதில் வீட்டில் பால் தண்ணீரானது. ஆனாலும் தினமும் காலையில் தன் முதுகுக்குப் பின்னால் அந்தக் கம்பிக் கதவைச் சாத்தும் சத்தம் அவளுக்குத் தாலாட்டுப் போல இருந்தது.

மழைக்காலத்தில் கவினுக்கு விடாத காய்ச்சல். பிழைத்து எழுந்தால் என் முடியைத் தருகிறேன் என்று சுகந்தி முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். எழுந்துவிட்டான். ஒருநாள் காலையில் அவனைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, தங்கையோடு அடிவாரத்துக் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு சாயங்காலம் திரும்பினாள். தங்கை மருந்துக் கடைக்குப் போக, சுகந்தி நேரே காப்பகத்துக்கு வந்தாள். மேகம் நன்றாக இறங்கியிருந்தது.

சிஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். மற்ற பிள்ளைகளும் ஆயாக்களும் போய்விட்டார்கள். உள்ளே இருந்தவள் அன்று மத்தியானம்தான் வேலைக்குச் சேர்ந்த ரோஸ்லின். கம்பிக்கு அந்தப் பக்கம், வெள்ளைப் புகைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் தலை மிதந்து வந்தது.

"கவினைக் கூட்டிட்டு வாங்க. நான் அவனோட அம்மா."

ரோஸ்லின் போட்டோவைப் பார்த்தாள். தலையைப் பார்த்தாள். "கவின் அம்மாவுக்கு முடி இருக்குங்களே?"

"காலையில இருந்துச்சு."

ரோஸ்லின் பிள்ளையை இடுப்பில் வைத்துக் கொண்டுவந்து காட்டினாள். கவின் ஒரே ஒரு முறை பார்த்தான், வீறிட்டு ரோஸ்லின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "கண்ணா, அம்மாடா" என்றாள் சுகந்தி. அம்மாவின் குரல் வேறொரு தலையிலிருந்து வந்ததில் அழுகை இன்னும் ஏறியது.

"மன்னிச்சுக்கோங்கக்கா. சிஸ்டர் வரட்டும்."

அந்த நேரம் மாலினி வந்து சேர்ந்தாள். அக்காவின் முகவெட்டு, அக்காவைப் போலவே நீளப் பின்னல். கவின் "ம்மா!" என்று கம்பி வழியாகக் கையை நீட்டிப் பின்னலைப் பிடித்துக்கொண்டான். போட்டோவில் இருப்பது நான்தான் என்று மாலினி ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை.

"நான் அம்மா இல்லீங்க, சித்தி. இதுதான் எங்கக்கா. வேண்டுதலுக்கு மொட்டை போட்டுருக்கா. புள்ளையே எங்கிட்ட தாவுது பாருங்க, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"உங்க பேரு எங்ககிட்ட இல்லீங்களே."

"பேரு, பேரு! ரேஷன் கடையா இது? காய்ச்சல்ல கிடந்து எழுந்த புள்ளைங்க. உங்களுக்குப் புள்ளைகுட்டி இல்லையா?"

ரோஸ்லினுக்கும் கைப்பிள்ளை உண்டு. கவினுக்கு அழுது அழுது மூச்சு இழுத்தது. பின்னலை விடாத சின்னக் கையைப் பார்த்தாள், கண்ணீரில் நனைந்த இரண்டு முகங்களைப் பார்த்தாள். "நீங்க பொய் சொல்ற மாதிரி தெரியலக்கா" என்று சாவியைப் பூட்டுக்குள் விட்டாள்.

சுகந்தி வெளியிலிருந்து இரண்டு கையாலும் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"திறக்காதீங்க. சிஸ்டர் வரட்டும்."

"அக்கா, உனக்குப் பைத்தியமா? அழறது உன் புள்ளை!"

"தெரியுதுடி. திறக்காதீங்கம்மா."

படித்துக்கொண்டிருப்பவர்களே, மேகம் கலைவதற்குள் சொல்லுங்கள். பொய் கலக்காமல் கேட்ட தங்கை, மனம் இரங்கித் திறக்கப் போன ரோஸ்லின், தான் பெற்ற பிள்ளைக்கும் தனக்கும் நடுவே கதவைப் பிடித்துக்கொண்ட தாய். இதில் யார் செய்தது சரி?

விடை: தாய் செய்ததுதான். தங்கை சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் அது உண்மையென்று தெரிந்த இருவரும் கதவுக்கு வெளியே நின்றவர்கள். பிள்ளை தாவியது பின்னலைப் பார்த்து, ரோஸ்லின் நம்பியது கண்ணீரைப் பார்த்து. பிள்ளை திருட வருகிறவளுக்கும் பின்னல் இருக்கும், அழவும் தெரியும். சுகந்தி பாதிச் சம்பளத்துக்கு வாங்கியது 'முடியாது' என்ற ஒரு சொல்லை. தன் முறை வந்ததும் அதை வளைத்துவிட்டால், நாளைக்கு அது யாரையும் தடுக்காது. சிஸ்டர் வந்து, "என்ன சுகந்தி, வேண்டுதலா?" என்று கேட்டபடி கதவைத் திறந்தபோது, கவின் அழுது ஓய்ந்து தூங்கியிருந்தான். விடை சரிதான், எத்தனை முறை யோசித்தாலும் சரிதான். அதைக் கம்பிக்கு உள்ளே அழுத பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.