வானம் போட்ட உப்பு

ஒரு ஊர்ல ஒரு உப்பளக்காரி இருந்தா. பேரு சொர்ணக்கிளி. அவ மக புது வீடு கட்டியிருந்தா, வெள்ளிக்கிழமை பால்காய்ப்பு. புது வீட்டுக்குள்ள முதல்ல உப்புதான் போகணும், இல்லையா? "கடை உப்பு வேண்டாம்டி, என் பாத்தி உப்பைக் கொண்டு வாரேன்"னு மககிட்ட வாக்குக் குடுத்திருந்தா. அந்த வருஷத்து முதல் உப்பு, பனையோலை மூடி, அவ உசரத்துக்கு ஒரே அம்பாரமா நின்னுது. ம் சொல்லு.

அப்போ பங்குனிக் கடைசி. புதன்கிழமை மத்தியானம் வானம் கத்திரிக்கா நிறமாச்சு. பக்கத்துப் பாத்தியில வேலை செய்யுற அவ அண்ணன் பொண்டாட்டி ஓடி வந்தா.

"ஏளா, ஒரு பொட்டலம் கட்டி வீட்டுல வச்சிரு. மழை வருது."

"அம்பாரமே இருக்கு, பொட்டலம் எதுக்கு மதினி? ஊர் சிரிக்கும்."

அப்புறம் டமார்! சடசடசட! வெள்ளை வெள்ளையா விழுந்துது. அது ஆலங்கட்டி. மேகத்துக்குள்ள ஏறி இறங்கி, ஏறி இறங்கி, வெங்காயம் மாதிரி தோல் மேல தோல் போட்டுக்கிட்டு விழுற பனிக்கட்டி. சொர்ணத்துக்கு அது தெரியாது. தெரிஞ்சிருந்தா எனக்குக் கதை ஏது?

"வானமே உப்பு போடுது மதினி!" பலகையால வாரி வாரி, ஓலையைத் தூக்கி அம்பாரத்துக்குள்ள தள்ளினா.

"நாக்குல வச்சுப் பாரு."

"நாக்கு கடைக்காரனுக்கு. உப்பளக்காரிக்குக் கண்ணு போதும்."

அப்புறம் கடல் மேல, யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழிக்காத்து இறங்குச்சு. ஹூஊஊ! கரையேறி வந்து ஓலையை எல்லாம் உரிச்சுக்கிட்டுப் போச்சு. தூங்கிட்டியா? இல்லையா? சரி.

அப்போதான் மழை. சோஓஓ! சொர்ணம் அம்பாரத்தைக் கட்டிக்கிட்டுக் குப்புறப் படுத்தா. மேல மழை கரைக்குது. உள்ள, அவளே வாரிப் போட்டது உருகிக் கரைக்குது. இறங்கி இறங்கி, கடைசியில அவ நெஞ்சு தரையைத் தொட்டுது.

மழை விட்டுது. மதினி பக்கத்துல உக்காந்தா. "அப்பவே சொன்னேன்"னு சொல்லாத மதினி உலகத்துல அவ ஒருத்திதான். சொர்ணம் அழுதுகிட்டே ஈர முந்தானையால முகத்தைத் துடைச்சா. நாக்குல பட்டுது. கரிச்சுது!

"மதினி, பானையைக் கொண்டா!"

சேலையைப் பிழிஞ்சாங்க. அடுப்புல வச்சாங்க. தளதளன்னு கொதிச்சு வத்தி, அடியில ஒரு பிடி உப்பு நின்னுது. சேலைச் சாயம் ஒட்டி, ரோஸ் நிறத்துல.

வெள்ளிக்கிழமை மக கேட்டா, "அம்பாரம் போட்டிருக்கேன்னு சொன்னியேம்மா?"

"இதுதான்டி அம்பாரம். கொஞ்சம் கரைஞ்சு போச்சு."

மக ஒரு கல்லை எடுத்து உத்து உத்துப் பாத்தா. "பாத்தா உப்பு மாதிரியே இல்லையே?"

"கண்ணை நம்பாதே," சொர்ணம் அந்தக் கல்லை வாங்கித் தன் நாக்குல வச்சா. கண்ணை மூடினா. அப்புறம்தான், "ம், உள்ள கொண்டு போ"ன்னா.

உப்பும் கரைஞ்சுது, கதையும் கரைஞ்சுது. நீயும் மெல்லத் தூக்கத்துல கரைஞ்சு போ.